தொலைபேசியில் வந்த பாடக்குறிப்புகள்: எதை அச்செடுப்பது, எதைத் திரையிலேயே படிப்பது?

தொலைக்கல்வி டிப்ளோமா ஒன்றுக்குப் பதிவு செய்தபோது எனக்குக் கிடைத்தவை ஒரு பற்றுச்சீட்டும் ஒரு வட்ஸ்அப் குழுவின் இணைப்பும்தான். முதல் வார இறுதிக்குள் அந்தக் குழுவில் பதினொரு பிடிஎஃப் கோப்புகள் வந்து சேர்ந்தன. கூட்டிப் பார்த்தால் 640 பக்கங்கள். முதலாம் தவணையில் அவை அனைத்தையும் நிலாவெளியிலிருந்து திருகோணமலை நகரத்துக்கு வேலைக்கு வரும் பஸ்ஸிலும், மதிய இடைவேளையிலும், இரவில் படுக்கையிலும் தொலைபேசியிலேயே படித்தேன். படிக்கும்போது எல்லாம் விளங்கியது. பரீட்சை மண்டபத்தில் தலைப்புகள் மட்டும் நினைவுக்கு வந்தன, அவற்றின் கீழிருந்த விளக்கம் வரவில்லை. இரண்டு பாடங்களில் சித்தியடையவில்லை. இரண்டாம் தவணையில் மறுபக்கம் சாய்ந்து 640 பக்கங்களையும் அச்செடுத்தேன். கார்த்திகை மழையில் அவற்றில் பாதி நனைந்து, மை கரைந்து, வாசிக்க முடியாமற் போயின. மூன்றாம் தவணையில்தான் ஓர் ஒழுங்கு பிடிபட்டது. தொலைக்கல்வி மாணவர்களுக்கும், வேலை பார்த்துக்கொண்டே போட்டிப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் இங்குள்ள பிறருக்கும் அந்த ஒழுங்கை அப்படியே கீழே தருகிறேன்.

1. கோப்பு வந்த அன்றே மூன்று விடயங்களைச் சோதியுங்கள்

பரீட்சைக்கு முதல் வாரம் வரை கோப்பைத் திறக்காமல் வைத்திருப்பதே பலரும் விடும் முதற் பிழை. அன்றே திறந்து, முதலில் பக்க அளவைப் பாருங்கள். ஏ4 தாளுக்கென அமைக்கப்பட்ட பக்கம் ஆறரை அங்குலத் தொலைபேசியில் முழுதாகத் தெரியும்போது எழுத்துகள் எறும்பளவாகிவிடும். பெரிதாக்கினாலோ ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமுமாக நகர்த்த வேண்டியிருக்கும். அப்படிப் பத்துப் பக்கம் படித்தால் விரல்தான் களைக்கும், மனதில் ஒன்றும் நிற்காது.

இரண்டாவதாக, ஒரு சொல்லின் மேல் விரலை அழுத்திப் பிடித்து அதைத் தெரிவுசெய்ய முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் அது படமாக எடுக்கப்பட்ட கோப்பு. முடிந்தாலும் உடனே மகிழ வேண்டாம், மூன்றாவது சோதனை இருக்கிறது: அந்தச் சொல்லை நகலெடுத்து வேறோர் இடத்தில் ஒட்டிப் பாருங்கள். நம் நாட்டில் தட்டச்சுச் செய்யப்படும் குறிப்புகளில் கணிசமானவை இன்னும் பாமினி எழுத்துருவில்தான் வருகின்றன. பாமினியில் உள்ள ‘அம்மா’வை நகலெடுத்து ஒட்டினால் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள் வந்து நிற்கும். கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் கணினிக்கு அது தமிழன்று. எனவே அந்தக் கோப்பில் ஒரு தமிழ்ச் சொல்லைத் தேடினால் எதுவும் அகப்படாது.

இது ஏன் முக்கியமென்றால், தாளோடு ஒப்பிடும்போது திரைக்குள்ள மிகப் பெரிய வசதியே தேடல்தான். தேட முடியாத கோப்பைத் திரையில் வைத்திருப்பதால் கிடைப்பது பாரம் குறைவு என்பது ஒன்றே. படக்கோப்பாக இருந்தால் கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டொக்ஸ் மூலம் திறந்து எழுத்தாக மாற்றலாம். தமிழையும் அது வாசிக்கும். ஆனால் ணகரத்துக்கும் னகரத்துக்கும், ரகரத்துக்கும் துணைக்காலுக்கும் இடையில் அது தடுமாறும் என்பதால், மாற்றியதைத் தேடுவதற்கு மட்டும் பயன்படுத்துங்கள், மனப்பாடம் செய்வதற்கு மூலத்தையே பாருங்கள். பாமினியை, கணினி தமிழாகவே அறியும் ஒருங்குறிக்கு (யுனிகோட்) மாற்றும் இலவசக் கருவிகளும் இணையத்தில் உண்டு. ஓர் அத்தியாயத்தை மாற்றிச் சரிபார்க்க எனக்கு ஏறத்தாழ அரை மணி நேரம் ஆனது. ஆகவே எல்லாவற்றையும் மாற்ற முயலாமல், அடிக்கடி தேட வேண்டிய பகுதிகளை மட்டும் மாற்றுங்கள்.

2. ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் ‘தா’ அல்லது ‘தி’ என்று எழுதுங்கள்

ஒரு கொப்பியை எடுத்து, அத்தியாயங்களின் பெயர்களை வரிசையாக எழுதி, தாளில் படிக்க வேண்டியவற்றுக்குத் ‘தா’ என்றும் திரையில் படிக்க வேண்டியவற்றுக்குத் ‘தி’ என்றும் குறியுங்கள். இந்த ஒரு மணி நேர வேலைதான் முழுத் தவணையிலும் எனக்கு அதிகம் மிச்சப்படுத்தித் தந்தது. அத்தியாயத்தின் கனம், கடினம், ஆசிரியரின் பெயர் எவையும் இங்கே அளவுகோல் அல்ல. அந்தப் பகுதியை வைத்து நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள் என்பதையே பார்க்க வேண்டும்.

ஒரு வாதத்தைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை பின்தொடர்ந்து, பின்னர் அதை உங்கள் சொந்த வசனத்தில் மூன்று பக்கத்துக்கு எழுத வேண்டியிருந்தால் அது ‘தா’. கோட்பாடு, வரைவிலக்கணம், காரண காரியத் தொடர், ஒப்பீடு ஆகியவை இதில் அடங்கும். சுற்றறிக்கைகள், பாடத்திட்டம், கலைச்சொற் பட்டியல், கடந்தகால வினாத்தாள்கள், புள்ளிவிபர அட்டவணைகள் போன்று வேண்டியபோது புரட்டிப் பார்த்துவிட்டு மூடுபவை ‘தி’. கதை, வாழ்க்கை வரலாறு, செய்திக் கட்டுரை போன்றவற்றை எதில் படித்தாலும் பெரிய நட்டமில்லை.

இந்தப் பிரிவினை என் தனிப்பட்ட விருப்பம் மட்டுமன்று. 2000 முதல் 2017 வரை வெளிவந்த 54 ஆய்வுகளை, மொத்தம் 171,055 பேர் பங்குபற்றியவற்றை, ஒன்றாகச் சேர்த்து அலசிய ஆய்வொன்று 2018இல் வெளியானது. அதன்படி, தகவலும் விளக்கமும் கொண்ட பகுதிகளைத் தாளில் படித்தவர்கள் திரையில் படித்தவர்களைவிடக் கூடுதலாக விளங்கிக்கொண்டிருந்தார்கள். கதைப் பகுதிகளில் அத்தகைய வேறுபாடு காணப்படவில்லை. நேரம் மட்டுப்படுத்தப்பட்டிருந்தபோது தாளின் அனுகூலம் மேலும் கூடியது. சராசரி வேறுபாடு சிறியதுதான் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் சித்திக்கும் சித்தியின்மைக்கும் இடையில் இரண்டு புள்ளிகளே இருந்த எனக்கு, சிறிய வேறுபாடு சிறிதாகத் தெரியவில்லை.

தாளில் ஒரு வசனத்துக்கு நிலையான இடம் உண்டு என்பது இதற்கு முன்வைக்கப்படும் விளக்கங்களில் ஒன்று. இடப்பக்கத்தில், மேலே, படத்துக்குப் பக்கத்தில் என்று அது எப்போதும் அங்கேயே இருக்கும். விரலால் தள்ளித் தள்ளிப் படிக்கும் திரையில் அதே வசனம் ஒருமுறை மேலேயும் மறுமுறை நடுவிலும் நிற்கும். பரீட்சை மண்டபத்தில் விடை மறந்து, அது இருந்த பக்கத்தின் மூலை மட்டும் நினைவுக்கு வந்து, அதைப் பிடித்துக்கொண்டு விடையையும் மீட்டெடுத்த அனுபவம் பலருக்கும் இருக்கும். தொலைபேசியில் படித்த எதற்கும் எனக்கு அப்படி ஒரு மூலை கிடைத்ததில்லை.

என் 640 பக்கங்களில் ‘தா’ என்று தேறியவை 170 பக்கங்கள் மட்டுமே. உங்களுக்கும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வந்தால் ஆசையைக் குறைத்துக்கொண்டு பட்டியலை மீண்டும் பாருங்கள்.

3. கடைக்குப் போகும் முன் செலவைக் கணக்கிடுங்கள்

இரண்டாம் தவணையில் ஒருபக்கமாக, பக்கத்துக்குப் பத்து ரூபாய் வீதம், 640 பக்கத்துக்கு 6,400 ரூபாய் கொடுத்தேன். மூன்றாம் தவணையில் 170 பக்கங்களை இருபக்கமாக 85 தாள்களில், தாளுக்குப் பதினைந்து ரூபாய் வீதம் அச்செடுத்து, சுருள் கட்டுக்கு 300 ரூபாயும் சேர்த்து 1,575 ரூபாயில் முடித்தேன். விலை கடைக்குக் கடை வேறுபடும், தாளின் விலையோடு ஏறி இறங்கவும் செய்யும். எனவே இருபக்க விலை என்ன, நூறு தாளுக்கு மேல் குறைப்பு உண்டா, கட்டுவதற்கு எவ்வளவு என்ற மூன்றையும் கோப்பைக் கொடுக்கும் முன்னரே கேளுங்கள். பாரமும் ஒரு செலவுதான்: சதுர மீற்றருக்கு 80 கிராம் தரத்திலான ஏ4 தாள் ஒன்று ஏறத்தாழ ஐந்து கிராம். 640 தாள்கள் மூன்று கிலோவைத் தாண்டும். 85 தாள்கள் அரைக் கிலோவுக்குள் அடங்கும். பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறவருக்கு இந்த வேறுபாடு விளங்கும்.

காசை மிச்சப்படுத்த ஒரு தாளின் ஒரே பக்கத்தில் இரண்டு பக்கங்களைச் சுருக்கி அச்செடுக்கும் வழக்கம் உண்டு. அப்போது எழுத்து ஏறத்தாழ எழுபது வீதமாகக் குறையும். அதாவது 12 புள்ளி அளவிலுள்ள எழுத்து எட்டரைப் புள்ளியாகிவிடும். ஆங்கிலத்துக்கு அது போதுமாக இருக்கலாம். தமிழில் ஞகரமும் ணகரமும் சுழிகளை இழந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், மெய்யெழுத்தின் புள்ளி காணாமற் போகும். ஒரே ஒரு பக்கத்தை அப்படி எடுத்து, இரவு நீங்கள் படிக்கும் அதே விளக்கின் கீழ் வைத்து வாசித்துப் பார்த்த பின்னரே மிகுதியைக் கொடுங்கள்.

அச்சு இயந்திரம் எது என்று கேட்க வெட்கப்பட வேண்டாம். மை தெளித்து அச்சிடும் இயந்திரத்தின் எழுத்துப் பெரும்பாலும் நீர் பட்டதும் கரையும். லேசர் இயந்திரத்தின் எழுத்துத் தாளில் உருகி ஒட்டுவதால் தாள் நனைந்தாலும் எழுத்து நிற்கும். என் இரண்டாம் தவணை நட்டத்துக்கு இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டதே காரணம். வரைபடங்களில் நிறத்தால் மட்டும் வேறுபடும் கோடுகள் இருந்தால் அந்தப் பக்கங்களை மாத்திரம் வர்ணத்தில் எடுங்கள்.

கோப்பைப் பிடிஎஃப் ஆகவே கொண்டுபோங்கள். வேர்ட் கோப்பாகக் கொடுத்தால், கடைக் கணினியில் அந்த எழுத்துரு இல்லாதபோது தமிழெல்லாம் கட்டங்களாகவோ ஆங்கிலக் குறிகளாகவோ வரும். அப்படி வந்த பக்கங்களுக்கும் காசு கொடுக்க வேண்டியதுதான். பென் டிரைவில் கொண்டுபோனால் அதில் வேறு எதுவும் இருக்கக் கூடாது. பல கடைகளின் கணினிகளில் வைரசு குடியிருக்கிறது. வட்ஸ்அப்பில் கடையின் இலக்கத்துக்கு அனுப்புவது எளிதுதான், ஆனால் பாடக்குறிப்போடு சேர்த்து அடையாள அட்டையின் படத்தையும் அனுப்பிவிட்டு அப்படியே மறந்துபோகிறோம். பிரதி கையில் கிடைத்ததும் அங்கேயே நின்று அழிக்கச் சொல்லுங்கள்.

நேரமும் முக்கியம். பாடசாலை விடும் வேளையிலும், அரச வேலைக்கான விண்ணப்ப முடிவுத் திகதி நெருங்கும் நாட்களிலும் கடைகளில் வரிசை வாசல் வரை நிற்கும். வெள்ளிக்கிழமை நண்பகலில் ஜும்ஆ நேரத்துக்குப் பல கடைகள் மூடும். போயா தினத்தில் திறந்திருப்பார்கள் என்று நம்பிப் போகக் கூடாது. சாதாரண நாளொன்றில் காலை பத்து மணியளவில் போனால் அரை மணி நேரத்தில் அச்சு கிடைக்கும். கட்டுவதற்கு மறுநாள் வரச் சொல்வார்கள் என்று எண்ணிக்கொண்டு திட்டமிடுங்கள்.

4. ‘தி’ என்று குறித்தவற்றைத் திரைக்கேற்ற முறையில் படியுங்கள்

மிகுதி 470 பக்கங்களைத் தொலைபேசியில் படிக்கும்போது நான் கடைப்பிடிப்பவை சில. கோப்பை முன்னரே தரவிறக்கி வைத்துவிட்டு, விமானப் பயன்முறையைப் போட்டுவிடுவேன். வட்ஸ்அப் குழுவில் வந்த குறிப்பைப் படிக்கப் போய், அதே குழுவில் வந்த காலை வணக்கப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்த நாட்கள் எனக்குப் போதும். தொலைபேசியைக் கிடையாகத் திருப்பினால் எழுத்துப் பெரிதாகும். தொடர்ந்து தள்ளிப் படிக்கும் முறைக்குப் பதிலாகப் பக்கம் பக்கமாகத் திருப்பும் முறை செயலியில் இருந்தால் அதைத் தெரிவுசெய்யுங்கள்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, ‘விளங்கிவிட்டது’ என்ற எண்ணத்தை நம்பாதிருப்பது. 2011இல் வெளியான ஓர் ஆய்வில், எவ்வளவு நேரம் படிப்பது என்பதைத் தாமே தீர்மானிக்க விடப்பட்ட மாணவர்களில் திரையில் படித்தவர்கள் தமக்கு எவ்வளவு விளங்கியது என்பதைக் கூடுதலாக மதிப்பிட்டு, சோதனையிலோ குறைவான புள்ளிகளைப் பெற்றார்கள். என் முதலாம் தவணையின் கதை இதுவேதான். எனவே ஐந்து பக்கங்களுக்கு ஒருமுறை தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, படித்ததைக் கொப்பியில் பேனையால் ஐந்து வரிகளில் எழுதிப் பாருங்கள். மூன்றாவது வரியோடு நின்றுவிட்டால் அந்தப் பகுதி ‘தி’ அல்ல, ‘தா’; பட்டியலைத் திருத்தி அடுத்த முறை அச்செடுங்கள்.

மாலையில் உப்புவெளிக் கடற்கரையில் உட்கார்ந்து படிக்கலாம் என்று சிலர் தொலைபேசியைக் கொண்டுபோகிறார்கள். வெயிலில் அந்தத் திரையில் உங்கள் முகம்தான் தெரியும். மின்மைத் (ஈ-இங்க்) திரையுள்ள கிண்டில் போன்ற வாசிப்புக் கருவிகளுக்கு வெளிச்சம் பிரச்சினை இல்லை. ஆயினும் ஆறு அங்குலத் திரையில் ஏ4 பிடிஎஃப் தொலைபேசியில் படும் அதே பாட்டைத்தான் படும். பாடக்குறிப்புக்காக மட்டும் அதை வாங்க நினைப்பவர், வாங்கும் முன் யாரிடமாவது இரவல் பெற்றுத் தன் கோப்பொன்றைத் திறந்து பார்க்கட்டும்.

5. மாரிக்கு முன் தாளைக் காப்பாற்றுங்கள்

நம் பகுதியில் ஐப்பசி தொடங்கித் தை வரை மழை. அட்டைக் கோப்புறை ஈரத்தை உறிஞ்சும். மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் வையுங்கள், சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், நிலத்தில் வைத்துக் கறையானுக்குக் கொடுக்காதீர்கள். மழை விட்ட நாளில் பெட்டியைத் திறந்து காற்றாட விடுங்கள். கறுப்பு மையால் கோடிடுவதாயின் நீரில் கரையாத பேனையைப் பாவியுங்கள். மின்வெட்டு வரும் இரவுகளில் மெழுகுதிரியோடு படிக்கத் தாள் உதவும், பெருமழையில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போது தொலைபேசி உதவும். ‘தா’ப் பகுதிகளின் கோப்புகளையும் அழிக்காமல் வைத்திருக்கச் சொல்வது இதனால்தான்.

6. அச்செடுக்கத் தேவையில்லாதவற்றைத் தெரிந்துகொள்ளுங்கள்

பொது நூலகத்தில் உறுப்பினரானால் பல நூல்களைத் தாளிலேயே, பக்கக் கணக்கு இல்லாமல் படிக்கலாம். தேசிய அடையாள அட்டையின் பிரதி, வதிவிடத்தை உறுதிப்படுத்தும் ஆவணம், பிணையாளியின் கையொப்பம், சிறு வைப்புப் பணம் ஆகியவை வழக்கமாகக் கேட்கப்படும். எது தேவை என்பதை முதல் நாள் போய்க் கேட்டு, படிவத்தை வாங்கிவந்து, கிராம உத்தியோகத்தர் அலுவலகத்தில் இருக்கும் நாளைப் பார்த்து வதிவிடச் சான்றுக்குப் போங்கள். இந்த வரிசையில் போகாததால் எனக்கு மூன்று அரைநாள் விடுமுறைகள் போயின.

உயர்தரப் பாடங்களுக்கான ஆசிரியர் வழிகாட்டிகள் தேசிய கல்வி நிறுவகத்தின் தளத்திலும், பாடநூல்கள் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்திலும் இலவசமாகக் கிடைக்கின்றன. பழைய ஈழத்து நூல்களுக்கும் சஞ்சிகைகளுக்கும் நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகத்தைப் பாருங்கள். அங்குள்ளவற்றிற் பல படக்கோப்புகள் என்பதால் முதலாம் படியில் சொன்ன சோதனை இங்கும் தேவை. கடைகளில் விற்கும் ஒரு நூலை முழுதாகப் பிரதியெடுக்காதீர்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் சொந்தப் பாவனைக்கு ஒரு பிரதி எடுக்க இடம் தந்தாலும், முழு நூலையும் பிரதியெடுப்பதற்கு அது பொருந்தாது.

7. பரீட்சைக்கு முந்திய ஆறு வாரங்கள்

ஆறு வாரத்துக்கு முன் அச்சு வேலை முழுதும் முடிந்திருக்க வேண்டும். அதன் பின் புதிதாக எதையும் அச்செடுக்காதீர்கள். அச்செடுப்பதே படிப்பதாகத் தோன்றும் ஒரு மயக்கம் உண்டு. நான்கு வாரத்துக்கு முன், அதுவரை திரையில் பார்த்துவந்த கடந்தகால வினாத்தாள்களில் மூன்றை மட்டும் அச்செடுத்து, நேரம் வைத்து, கையால் முழு விடை எழுதுங்கள். தட்டச்சுக்குப் பழகிய கை ஒரு மணி நேரத்தில் வலிக்கத் தொடங்கும் என்பதை மண்டபத்தில் அல்லாமல் வீட்டிலேயே அறிந்துகொள்வது நல்லது.

இறுதி இரு வாரங்களில் இரவு வாசிப்பைத் தாளுக்கு மாற்றிவிடுங்கள். ஒளிரும் திரையில் படுக்கைக்கு முன் படித்தவர்கள், அச்சுப் புத்தகம் படித்த இரவுகளைவிட ஏறத்தாழப் பத்து நிமிடம் தாமதித்தே உறங்கினார்கள் என்று பன்னிரண்டு பேரை வைத்துச் செய்யப்பட்ட சிறிய ஆய்வொன்று 2015இல் காட்டியது. பன்னிரண்டு பேர் என்பது பெரிய எண்ணிக்கையன்று; ஆனால் இதைச் செய்து பார்க்கச் செலவும் எதுவுமில்லை.

அனுமதி அட்டை மின்னஞ்சலிலோ இணையத்திலோ வந்தாலும் அதைத் தாளில் எடுத்தே ஆக வேண்டும். கையொப்பத்தை உறுதிப்படுத்தக் கேட்டிருந்தால் அதற்கு உரியவர் யார் என்பது அட்டையிலேயே குறிக்கப்பட்டிருக்கும். பல பரீட்சைகள் வார இறுதியில் நடப்பதால், வெள்ளி மாலை அச்செடுத்து, சனி காலை சமாதான நீதவானைத் தேடி அலையும் நிலை வரும். புதன்கிழமைக்குள் இரண்டு பிரதிகள் எடுத்து, இரண்டிலும் கையொப்பத்தை உறுதிப்படுத்தி, ஒன்றை அடையாள அட்டையோடும் மற்றதைப் பையின் அடியில் பிளாஸ்டிக் உறையிலும் வையுங்கள்.